ஒற்றை ஸ்வரத்தைத் தேடி: பீட் டவுன்ஷெண்டும் முடியாத ‘லைஃப்ஹவுஸும்’

1971 ஆகஸ்டில் வெளிவந்த ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ ஆல்பத்தில் ஒன்பது பாடல்கள். பேஸ் கித்தார் கலைஞர் ஜான் என்ட்விசில் எழுதிய ஒன்றை எடுத்துவிட்டால், மீதி எட்டும் ஒரு கதைக்காகப் பிறந்தவை. அந்தக் கதை படமாகவில்லை, மேடையேறவும் இல்லை. பிரிட்டனில் ‘தி ஹூ’ ராக் குழுவுக்கு முதலிடம் பெற்றுத் தந்த ஒரே ஆல்பம் இதுதான். ஆனால் அந்த எட்டுப் பாடல்களையும் எழுதிய, குழுவின் கித்தார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டுக்கு அது இடிந்த வீட்டிலிருந்து மீட்டெடுத்த கதவுகளும் சன்னல்களுமாகவே இருந்தது. அந்த வீட்டைக் கட்டி முடிக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்.

ராக் இசையின் மூத்த பாடலாசிரியர்களில் தன் தோல்வியைப் பற்றி இவ்வளவு பேசியவர், இவ்வளவு எழுதியவர் இன்னொருவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த ஆய்வுக்கு அவருடைய வெற்றிகளை விட்டுவிட்டு ‘லைஃப்ஹவுஸ்’ என்ற ஒற்றை நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். ஒரு படைப்பாளியின் ஆசை எந்த இடத்தில் முறிந்தது, முறிந்த பிறகும் அது எப்படி உயிரோடிருந்தது என்பதே கேள்வி.

(பாடலாசிரியர் என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். நம் வழக்கில் அது வரிகளை எழுதுபவரைக் குறிக்கும். ராக் இசையில் மெட்டும் வரியும் பெரும்பாலும் ஒருவருடையவை. டவுன்ஷெண்டோ வாத்தியப் பகுதிகளையும் தானே வாசித்து, வீட்டிலேயே மாதிரிப் பதிவு செய்து, அதன் பிறகுதான் குழுவிடம் கொடுப்பார். இந்தப் பழக்கம் பின்னால் முக்கியமாகப்போகிறது.)

கோல்ட்ஹாக் சாலைப் பையன்கள்

டவுன்ஷெண்ட் 1945 மே 19 அன்று மேற்கு லண்டனின் சிஸ்விக்கில் பிறந்தவர். தந்தை கிளிஃப், விமானப்படையின் நடன இசைக்குழுவாகத் தொடங்கிய ‘ஸ்குவாட்ரனேர்ஸ்’ குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தவர். தாய் பெட்டி பாடகி. போர் முடிந்து ஊர் மூச்சுவிட ஆரம்பித்த காலத்தில், மேடையில் தந்தை வாசிக்க, கீழே ஜோடி ஜோடியாக ஆடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த குழந்தை அவர். பிறகு ஈலிங் கலைக் கல்லூரி. அங்கே குஸ்டாவ் மெட்ஸ்கர் என்ற ஓவியரின் தன்னழிவுக் கலை பற்றிய உரையைக் கேட்டார். மேடையில் கித்தாரை அடித்து நொறுக்கும் வழக்கத்துக்கு அவர் சொன்ன நியாயம் அங்கிருந்து வந்ததுதான்.

இவற்றைவிடப் பெரிய திருப்பம் 1965இல் நடந்தது. ‘ஐ கான்ட் எக்ஸ்பிளெய்ன்’ வெளிவந்த சமயம். ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் கோல்ட்ஹாக் கிளப் என்ற இடத்தில் குழு வாசித்துவந்தது. அங்கே வரும் பையன்கள் சிலர் டவுன்ஷெண்டிடம் வந்து, தங்களால் சொல்ல முடியாததை அந்தப் பாட்டு சொல்லிவிட்டதாகவும் அதுபோல இன்னும் எழுத வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்கள். மனத்தில் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் திணறுபவனின் பாட்டு அது. சொல்லத் தெரியாதவர்களே வந்து ‘எங்களுக்காகச் சொல்’ என்று கேட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் தன் தொழில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் டவுன்ஷெண்ட் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார். தனக்குக் கிடைத்த முதல் பணி ஆணை அது என்பதே அவருடைய எண்ணம். அதாவது, பாட்டு எழுதுபவனுடையதன்று, கேட்பவனுடையது. எழுதுபவன் அவனுக்காகப் பேனா பிடிக்கிறான்.

‘லைஃப்ஹவுஸ்’ இந்த எண்ணத்தின் எல்லை வரைக்கும் போய்ப் பார்க்கும் முயற்சி என்றே நான் வாசிக்கிறேன்.

டாமிக்குப் பிறகு

1969இல் வந்த ‘டாமி’ குழுவின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. கண் தெரியாத, காது கேளாத, வாய் பேசாத ஒரு சிறுவனின் கதை. இரண்டு இசைத்தட்டுகள் நிறைய. 1970 ஜூனில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பரா ஹவுஸில் ராக் குழு ஒன்று அதை வாசிக்கிறது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். அடுத்து என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

‘டாமி’ உருவானபோது டவுன்ஷெண்டுக்குப் பக்கபலமாக இருந்தவர் குழுவின் மேலாளரும் தயாரிப்பாளருமான கிட் லாம்பர்ட். இசையமைப்பாளர் கான்ஸ்டன்ட் லாம்பர்ட்டின் மகன். டவுன்ஷெண்டின் தலைக்குள் குழம்பிக் கிடப்பதை எடுத்து ஒழுங்குபடுத்தி, குழுவுக்குப் புரியும்படி சொல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது. மேதைகள் என்று நாம் கொண்டாடுபவர்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவர் பெயர் சின்ன எழுத்தில்தான் அச்சாகும்.

கதை

வருங்காலத்தில் ஒரு நாடு. காற்று கெட்டுவிட்டது. மக்கள் வெளியே வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஓர் உடையை மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த உடை ‘கிரிட்’ என்ற பெரும் வலையோடு இணைந்தது. உணவு, பொழுதுபோக்கு, அனுபவம் எல்லாம் அதன் வழியே வந்து சேரும். பல பிறவிகளின் அனுபவத்தை உட்கார்ந்த இடத்திலேயே வாழ்ந்து முடித்துவிடலாம். ராக் இசை மட்டும் கிடையாது. இசையைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒருவன், தடையை மீறி ஓரிடத்தில் மக்களைக் கூட்டுகிறான். அந்த இடம்தான் லைஃப்ஹவுஸ். வந்தவர் ஒவ்வொருவரின் இயல்பிலிருந்தும் ஒரு மெட்டு எடுக்கப்படுகிறது. எல்லா மெட்டுகளும் கூடிக் கூடி இறுதியில் ஒரே ஸ்வரமாகின்றன. அந்த ஸ்வரம் ஒலிக்கும் கணத்தில் கூடியிருந்தவர்கள் மறைந்துபோகிறார்கள்.

2020இல் ஊரடங்கு நாட்களில் வீட்டுக்குள் அடைந்து, திரையில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்தது. 1971இல் இதைக் கேட்டவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை என்பதில் வியப்பில்லை.

அந்த ஒற்றை ஸ்வரம் எங்கிருந்து வந்தது? பரோடாவில் பிறந்த வீணைக் கலைஞரும் சூஃபி குருவுமான இனாயத் கானின் எழுத்துகளை டவுன்ஷெண்ட் அப்போது படித்துக்கொண்டிருந்தார். படைப்பு முழுவதும் ஒலியின் அதிர்வே என்பது இனாயத் கானின் பார்வை. நாதப்பிரம்மம் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. லண்டன் ராக் கலைஞனுக்கு அது பெரிய திறப்பு. இன்னொருவர் மெஹர் பாபா. புணேயில் பிறந்து, 1925 ஜூலை 10 முதல் 1969 ஜனவரியில் மறையும் வரை வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாதவர். டவுன்ஷெண்ட் அவருடைய அடியவர். காதைப் பிளக்கும் ஓசைக்குப் பேர்போன குழுவின் பாடலாசிரியர், வாழ்நாளின் பெரும்பகுதியை மௌனத்தில் கழித்த ஒருவரைக் குருவாக வரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமைகள்

லண்டன் வாட்டர்லூ பகுதியில் ‘யங் விக்’ அரங்கு அப்போதுதான் திறந்திருந்தது. அங்கே திங்கட்கிழமைகளில் குழு வாசிக்கும்; சிறிய கூட்டம் வரும்; திரும்பத் திரும்ப வரும் அந்த மக்களின் விவரங்களை வைத்து டவுன்ஷெண்ட் மெட்டுகள் உருவாக்குவார்; கேட்பவர்களே கதையின் பாத்திரங்களாக மாறுவார்கள்; எல்லாம் படமாக்கப்படும். திட்டம் இதுதான். யுனிவர்சல் நிறுவனம் பணம் தரும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது.

1971 பிப்ரவரியில் தொடங்கினார்கள். வந்தவர்கள் பழைய பாட்டுகளைக் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த தி ஹூ அதுதானே. தன் இயல்பைத் திறந்து காட்டி ஒரு ஸ்வரமாக மாறவா அவன் டிக்கெட்டோடு வந்தான்? கித்தார் உடைவதைப் பார்க்க வந்தவன். அரங்கத்தை முழுநேரமும் பெற முடியவில்லை. ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தால் நடந்திருக்கக்கூடிய ஒன்று, சில திங்கட்கிழமை மாலைகளில் நடக்கவில்லை.

குழுவுக்குள்ளும் குழப்பம். பாடகர் ரோஜர் டால்ட்ரி, என்ட்விசில், டிரம் கலைஞர் கீத் மூன் மூவருக்கும் பாட்டுகள் பிடித்திருந்தன. கதைதான் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறை விளக்கும்போதும் டவுன்ஷெண்ட் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். முன்பென்றால் லாம்பர்ட் நடுவே வந்து நின்றிருப்பார். இப்போது அவர் நியூயார்க்கில் இருந்தார். ‘டாமி’யைப் படமாக்கும் ஆசையில் அவர் மனம் சிக்கியிருந்தது. போதைப் பழக்கமும் சேர்ந்துவிட்டது.

மார்ச்சில் குழு நியூயார்க் போய் ரெக்கார்ட் பிளான்ட் கூடத்தில் பதிவைத் தொடங்கியது. அங்கே ஒரு நாள் லாம்பர்ட் தன்னைப் பற்றிக் கோபமாகப் பேசுவது டவுன்ஷெண்டின் காதில் விழுந்தது. வழக்கமான ‘பீட்’ இல்லை. ‘டவுன்ஷெண்ட்’ என்று ஊரானைச் சொல்வதுபோலச் சொன்னார். பெயரைச் சொன்ன விதமே அவரை உடைத்துவிட்டது. பிறகு விடுதி அறையில் நடந்த ஒரு கூட்டத்தின்போது கண்முன் எல்லாம் உருமாற, எழுந்து சன்னலை நோக்கி நடந்தார். லாம்பர்ட்டின் அலுவலகப் பெண் ஒருவர் பிடித்து நிறுத்தினார். இதைத் தன் சுயசரிதையிலும் பேட்டிகளிலும் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். திட்டம் அத்தோடு நின்றது.

கிளின் ஜான்ஸின் கத்தரி

லண்டன் திரும்பிய பின் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் வந்தார். கதை அவருக்கும் புரியவில்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. பாட்டுகள் அபாரம், கதையை விட்டுவிடுங்கள், ஒரே தட்டாகப் போடலாம் என்றார். சோர்ந்து போயிருந்தவர் ஒப்புக்கொண்டார். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ பாடகர் மிக் ஜாகரின் நாட்டுப்புற வீடான ஸ்டார்குரோவ்ஸிலும் பிறகு ஒலிம்பிக் கூடத்திலும் வேலை நடந்தது. சில வாரங்களில் முடிந்தது.

இதை அழிவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜான்ஸ் செய்தது சரி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ‘பியூர் அண்ட் ஈஸி’ என்ற பாட்டுதான் கதையின் கருப்பை. ஒற்றை ஸ்வரத்தைப் பற்றிப் பேசுவது அதுதான். அது ஆல்பத்தில் இடம்பெறவில்லை. ‘பிஹைண்ட் புளூ ஐஸ்’ பாட்டைக் கேட்டு உருகுபவர்களில் எத்தனை பேருக்கு அது கதையின் வில்லன் பாடுவதற்காக எழுதப்பட்டது என்று தெரியும்? யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதே அந்தப் பாட்டின் பலமாகிவிட்டது. யாரோ ஒரு கெட்டவனின் தனிமை, பெயர் உதிர்ந்ததும் எல்லாருடைய தனிமையுமாயிற்று.

ஒரு பாட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தால்

ஆல்பத்தில் உள்ள ‘பாபா ஓ’ரைலி’யை முதலில் நான் கேட்டது கேபிள் டிவியில், ஓர் அமெரிக்கத் துப்பறியும் தொடரின் தலைப்பிசையாக. அரை நிமிடம்தான். முழுப் பாட்டு காதில் விழ இன்னும் சில வருடங்கள் ஆயின. விழுந்த இரவு மறக்கவில்லை.

முதல் 40 விநாடி ஏறக்குறைய ஓர் ஆர்கன் மட்டும். துளித்துளியாக, நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தெறிக்கும் ஸ்வரங்கள். ஓலைக் கூரையிலிருந்து மழை சொட்டுவதுபோல. பலரும் அதை சிந்தசைசர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது லோரி ஆர்கன் ஒன்றில் இருந்த ‘மாரிம்பா ரிபீட்’ என்ற வசதி. விசையை அழுத்திப் பிடித்தால் ஸ்வரம் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். வீடுகளில் வைத்துக்கொள்ளும் வாத்தியம் அது. அதன்மேல் பியானோவில் மூன்று கனத்த அடிகள். பிறகு மூனின் டிரம், டால்ட்ரியின் குரல். கித்தார்? ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் காத்திருக்கிறது. உலகின் பெயர்பெற்ற கித்தார்க்காரர்களில் ஒருவர் தன் பாட்டில் தன் வாத்தியத்தை அவ்வளவு நேரம் ஓரமாக நிறுத்திவைக்கிறார். முடிவில் டேவ் ஆர்பஸின் வயலின் நாட்டுப்புற ஆட்டம்போல வேகமெடுத்துச் சுழல்கிறது. வயலின் சேர்க்கும் யோசனை கீத் மூனுடையது.

தலைப்பின் ‘பாபா’ மெஹர் பாபா. ‘ரைலி’ அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி. சின்னச் சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு இசை கட்டுபவர். மெஹர் பாபாவின் வாழ்க்கை விவரங்களை ஒரு சிந்தசைசருக்குள் செலுத்தினால் என்ன ஒலி வரும் என்பதே தொடக்க யோசனை. கருவி அதற்கு அப்போது வளர்ந்திருக்கவில்லை. ஆகவே டவுன்ஷெண்ட் தன் வீட்டு ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, அப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து, கையாலேயே வாசித்தார். பத்து நிமிடத்தை ஒட்டிய அந்த மாதிரிப் பதிவு பிற்பாடு வெளியாகியிருக்கிறது. ஆல்பத்தில் ஐந்து நிமிடம்.

அந்த மாதிரிப் பதிவைக் கேட்டால் முறிந்த இடம் எதுவென்று எனக்குப் புரிகிறது.

எங்கே பிசகியது

யோசனை மிகப் பெரியது, காலத்துக்கு முந்தியது என்று சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. கோல்ட்ஹாக் பையன்களுக்காக எழுதியபோது டவுன்ஷெண்ட் அவர்களைத் தன் அறைக்குள் கூட்டி வரவில்லை. அவர்களைக் கவனித்தார், வீட்டுக்குப் போனார், கதவைச் சாத்தினார், எழுதினார். அவர்களுடைய பாட்டு அவருடைய தனிமையில்தான் உருவாயிற்று. ‘யங் விக்’கில் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். கேட்பவனுக்காக எழுதுவதை விட்டு, கேட்பவனைக் கொண்டே எழுதவைக்கப் பார்த்தார். வந்தவர்களுக்கு அந்த வேலை தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை.

குழு விஷயத்திலும் இதேதான். எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து முடித்த பாட்டுக்கு விளக்கம் தேவையில்லை, ஒலியே சொல்லிவிடும். கதைக்கு அப்படி ஒரு மாதிரிப் பதிவு செய்ய முடியாதே. வாயால்தான் விளக்கியாக வேண்டும். அவருக்கு வராத ஒரே கலை அது. அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் விலகிப் போயிருந்தார். லாம்பர்ட் 1981இல் காலமானார்.

நான் சொல்வதற்குச் சான்று அடுத்த படைப்பிலேயே இருக்கிறது. 1973இல் வந்த ‘குவாட்ரோஃபீனியா’வில் டவுன்ஷெண்ட் யாரையும் இணைந்து கனவு காணக் கூப்பிடவில்லை. எல்லாப் பாட்டுகளையும் அவர் ஒருவரே எழுதிய ஒரே ஹூ ஆல்பம் அது. கதாநாயகன் ஜிம்மி, 60களில் ‘மாட்’ எனப்பட்ட நாகரிக இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்த லண்டன் பையன். கோல்ட்ஹாக் சாலையில் தன்னிடம் வந்து நின்றவர்களிடமே அவர் திரும்பிப் போனார். இந்த முறை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு.

அப்படியானால் ‘லைஃப்ஹவுஸ்’ வீண்தானா? அந்த எட்டுப் பாடல்களில் இருக்கும் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ‘கெட்டிங் இன் ட்யூன்’ சாதாரணக் காதல் பாட்டுபோலத் தொடங்கி, சுருதி சேர்வதைப் பற்றி ஏன் அவ்வளவு தவிக்கிறது? ‘பார்கெய்ன்’ காதலிக்குப் பாடியதாகக் கேட்கிறது, பாடப்படுபவர் இறைவன். பெரிய ஒன்றின் உறுப்புகளாக எழுதப்பட்டதால்தான் இவை தனித்தனியே நிற்கும்போதும் எதையோ தேடிக்கொண்டிருக்கின்றன. எட்டு நல்ல பாட்டுகள் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் இந்த எட்டும் வந்திருக்காது. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

திரும்பி வந்தவர்

1972இல் வந்த தனி ஆல்பத்தில் ‘பியூர் அண்ட் ஈஸி’யைத் தன் குரலிலேயே வெளியிட்டார். அதே ஆல்பத்தில் மெஹர் பாபாவின் பிரார்த்தனை ஒன்றுக்கும் மெட்டமைத்திருந்தார். 1978இல் கீத் மூன் இறந்தார். 80களில் டவுன்ஷெண்ட் லண்டனின் ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ராக் நட்சத்திரம் கைப்பிரதிகளோடு மேசையில் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்யுங்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அவர் எப்போதுமே அறைக்குள் உட்கார்ந்து எழுதும் மனிதர்தான். 1993இல் ‘டாமி’ பிராட்வேயில் ஏறி, அவருக்குச் சிறந்த இசைக்கான டோனி விருதை வாங்கித் தந்தது.

‘லைஃப்ஹவுஸ்’ அவரை விடவில்லை. 1999 டிசம்பரில் பிபிசி ரேடியோ 3இல் நாடகமாக ஒலிபரப்பானது. 2000இல் ஆறு குறுந்தகடுகளாக, மாதிரிப் பதிவுகளோடு வந்தது. 2007இல் இணையம் வழியாக, ஒருவர் தன் விவரங்களைக் கொடுத்தால் அவருக்கென்று ஓர் இசைச் சித்திரம் உருவாகும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1971இல் கருவி இல்லாமல் கையால் வாசித்த கற்பனை, 36 ஆண்டுகள் கழித்துக் கணினியில் வேலை செய்தது. அங்கே கூட்டம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் அவரவர் அறையிலிருந்து, தனியாக, தங்கள் மெட்டைப் பெற்றார்கள். 2023இல் பத்துக் குறுந்தகடுகளோடு ஒரு பெட்டியும், கதையைச் சொல்லும் சித்திர நாவலும் வந்தன. படமாகாத கதை கடைசியில் படக்கதையாயிற்று.

இதற்கிடையில் 2002இல் என்ட்விசில் போய்விட்டார். டவுன்ஷெண்டின் காதுகளில் பல ஆண்டுகளாக ஓயாத இரைச்சல். மேடையைவிட எழுத்தும் ஒலிப்பதிவு அறையுமே தனக்கு உகந்தவை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 2019இல், 74ஆம் வயதில், ஒரு நாவலையும் குழுவின் புதிய ஆல்பம் ஒன்றையும் கொண்டுவந்தார். தன் வயதுக்காரர்கள் பழைய பாட்டுகளைச் சுமந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, புதிதாக எழுத ஒன்றுமில்லை என்றால் தனக்கு இந்தத் தொழிலில் வேலையில்லை என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. அந்தப் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

2025 ஆகஸ்டில் தி ஹூ வட அமெரிக்காவில் விடைபெறும் பயணத்தைத் தொடங்கியது. பயணத்துக்கு வைத்த பெயர் ‘தி சாங் இஸ் ஓவர்’. பாட்டு முடிந்தது என்று பொருள். பத்திரிகைகள் அதை விடைபெறுதலுக்குப் பொருத்தமான தலைப்பாக எடுத்துக்கொண்டன. அது ‘லைஃப்ஹவுஸ்’ கதையின் நிறைவுக்காக எழுதப்பட்ட பாட்டு. கூடியவர்கள் ஒரே ஸ்வரமாகி மறைந்த பிறகு மிஞ்சும் வெறுமையில் ஒலிக்க வேண்டியது.

அந்தப் பாட்டை ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ தட்டில் கேளுங்கள். நிக்கி ஹாப்கின்ஸின் பியானோவோடு டவுன்ஷெண்ட் மெல்லத் தொடங்குகிறார். டால்ட்ரி உரத்து மேலே போகிறார். முடிவை நெருங்கி ஒலி அடங்கும் நேரத்தில், அந்தப் பாட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு வரி உள்ளே வருகிறது. ஒரு ஸ்வரத்தைத் தேடும் வரி. ஆல்பத்திலிருந்து விலக்கப்பட்ட ‘பியூர் அண்ட் ஈஸி’யின் வரி அது. கதையை வெட்டியபோது இது எப்படியோ தப்பிவிட்டது.